பத்து மணிப் பதிவு

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் பருவக்காற்று நடத்தினேன். இடைவேளையில் தலைமையாசிரியை கூப்பிட்டார். அரையாண்டு மதிப்பெண்ணில் இரண்டு பிள்ளைகளுக்கு மாற்றிப் பதிந்திருக்கிறேன். ஒருத்தி அழுதிருக்கிறாள். இணையம் விட்டுவிட்டு வந்தது, அதனால் இருக்கும் என்றேன். பதியும்போது நான் நடத்தும் முகநூல் பக்கத்துக்கு வந்த கமெண்ட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இன்று முதல் ஒழுங்கு. வேலை முடியும்வரை கைப்பேசி பைக்குள் இருக்கும், வெளியே வராது. பதிவை முந்தைய நாள் மாலையே எழுதி, காலை பத்து மணிக்குத் தானாகப் போகும்படி வைத்துவிடுவேன். கமெண்ட்களுக்கு மாலை டீயோடு மட்டும் பதில். ஒழுங்கைக் கடைப்பிடித்த நாளில் பச்சை வட்டம் போட ஒரு செயலியையும் இறக்கிக்கொண்டேன்.

பத்து மணி என்பது எங்கள் ஊர்ப்புறத்தில் முக்கியமான நேரம். அறுத்த நெல்லை மூடியிருக்கும் தார்ப்பாயின் மேல் பனி காய்ந்திருக்கும். பிரித்துப் பரப்பிக் காயவைக்கலாமா, வேண்டாமா என்று அப்போதுதான் முடிவெடுப்பார்கள். அந்த நேரத்துக்கு 'நம்ம வயல் வானிலை' பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கிறார்கள். அறுபதாயிரம் பேர். எண்ணிக்கையை நான் பார்ப்பதில்லை. திறந்தால் மேலேயே இருக்கிறது.

பக்கத்தை நடத்துவது நான் என்று என் கணவருக்கு மட்டும் தெரியும். அவர் மஸ்கட்டில். தொடங்கிய முதல் மாதம் வேதநாயகி என்ற என் பெயரில்தான் எழுதினேன். மழையைப் பற்றிக் கேட்டவர்களைவிட எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டவர்கள் அதிகம். பெயரை எடுத்தேன். மறுவாரமே எல்லோரும் "வானிலை அண்ணன்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் திருத்தவில்லை.

பச்சை வட்டம் போட்டேன்.

ஜனவரி 21, புதன்

செழியன் தம்பி இன்று அறுவடை முடித்துவிட்டார். என் கணவரின் தம்பி. அவரும் அவர் மனைவி சுகந்தியும் வீட்டின் பின்கட்டில் இருக்கிறார்கள், சமையல் ஒன்றுதான். எங்கள் பங்கு நிலத்தையும் சேர்த்து அவர்தான் பார்க்கிறார். நெல்லை டிராக்டரில் ஏற்றிச் செம்பியநத்தம் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டியாயிற்று. சாக்கு வரவில்லையாம். எடை போட எட்டு, பத்து நாள் ஆகலாம். அதுவரை நெல் வெட்டவெளியில்தான் கிடக்கும். நனைந்தால் ஈரப்பதம் ஏறிவிடும், வாங்க மாட்டார்கள். இரண்டு நாள் ஈரத்தோடு கிடந்தால் முளைத்துவிடும்.

சாப்பிடும்போது கைப்பேசியைப் பார்த்தேன். மாலை டீயை மறந்துவிட்டதால் அந்தக் கணக்கில்.

"என்ன அண்ணி, எப்பப் பாத்தாலும் அந்தப் போனு? ரீல்ஸா?"

"பசங்க நோட்டு ஒண்ணு, தம்பி."

"போன வச்சிகிட்டு எங்க வானிலை அண்ணன் மாதிரி நாலு பேருக்கு ஆவுற காரியமா எதாவது பண்ணலாம். மனுசன் யாருன்னே தெரியல. ஆனா சொன்னா சொன்னதுதான்."

"டிசம்பர்ல பேய்மழைன்னு சொன்னாரே, வந்துச்சா?" என்றாள் சுகந்தி.

"அது காத்து திரும்பிருச்சு. அவரு என்ன பண்ணுவாரு? உனக்கு வானிலையப் பத்தி என்ன தெரியும்?"

அவருக்கு இன்னும் இரண்டு அப்பளம் வைத்தேன்.

ஜனவரி 22, வியாழன்

டிசம்பரைப் பற்றி எழுதக்கூடாது என்றிருந்தேன். அன்று மூடி வையுங்கள் என்று எழுதினேன். மூன்று நாள் வெயில் அடித்தது. 'இடி மின்னல் டெல்டா' என்ற பக்கம் ஒரு கிழிந்த குடையின் படத்தைப் போட்டு, எங்கள் பக்கத்தின் பெயரை அதன் கீழே எழுதியது. இப்போதும் என் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே யாராவது ஒரு குடைப் படம் போடுகிறார்கள். யாரென்று நான் பார்ப்பதில்லை. இன்றைய ஆள் திருத்துறைப்பூண்டியில் உரக்கடை வைத்திருக்கிறார், இரண்டு பெண்பிள்ளைகள்.

ஜனவரி 24, சனி

விடுமுறை. சுகந்தியோடு களத்துக்குப் போனேன். எங்கள் குவியலை அடுத்து தட்சிணாமூர்த்தி ஐயாவின் குவியல். அவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர். அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன். பத்து மணிக்குக் களத்துக்கு எதிரே டீக்கடைக்கு வந்து நிற்கிறார். டீ மாஸ்டர் உரக்க வாசிக்கிறார், எல்லோரும் கேட்கிறார்கள்.

இன்றும் வாசித்தார். "வானம் தெளிவு. வடகிழக்குக் காற்று. நெல்லைப் பரப்பலாம்." நான் நேற்று மாலை எழுதியது. அவர் வாசித்தபோது ஏதோ பழைய சாசனம்போல் இருந்தது. பால் வாங்க நின்றதால் முடியும்வரை கேட்க வேண்டியதாயிற்று.

"அப்பறம் என்ன, அண்ணன் உத்தரவு குடுத்துட்டாரு. பிரிங்கய்யா!" என்றார் தட்சிணாமூர்த்தி ஐயா.

களம் முழுக்கத் தார்ப்பாய்களை உருவும் சத்தம். வீட்டுக்கு வந்த பிறகுதான் பால் வாங்காமல் வந்தது தெரிந்தது.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம், மிட்டாய், வெயில். சொன்னபடியே.

ஜனவரி 29, வியாழன்

சாக்கு நாளைக்கு வரும் என்கிறார்கள். மூன்று நாளாக இதையே சொல்கிறார்கள்.

கடலுக்கு மேல் கிழக்கிலிருந்து ஈரக்காற்று ஒன்று வருகிறது. தெற்கே இலங்கைப் பக்கம் போய்விடும் என்றே எல்லா வானிலை வரைபடமும் காட்டுகிறது. ஏழு பச்சை வட்டம் சேர்ந்துவிட்டது. மதிப்பெண் பட்டியலில் பிழை இல்லை. தலைமையாசிரியை பாராட்டினார்.

ஜனவரி 31, சனி

நாளை ஒரு போட்டித் தேர்வு. மன்னார்குடியில் ஒரு பள்ளியில் எனக்கு அறைக் கண்காணிப்பு. காலையில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, விடைத்தாள்களைக் கட்டிய பிறகே தருவார்கள். நல்ல வேளை, பதிவை முன்கூட்டியே வைக்கும் பழக்கம் வந்துவிட்டது.

மாலை வரைபடங்களைப் பார்த்தேன். இரண்டில் மழை இல்லை. மூன்றாவது, ஈரக்காற்று சற்று மேலே ஏறி நாளை மதியத்துக்குப் பிறகு கரையைத் தொடும் என்கிறது. அது ஒன்றுதான் அப்படிச் சொல்கிறது. டிசம்பரில் பேய்மழை என்றதும் அதே வரைபடம்தான்.

பதிவை எழுதினேன். கடைசியில், "மதியத்துக்கு மேல் கிழக்கே கறுத்தால் உடனே மூடிவிடுங்கள்" என்று ஒரு வரி. படித்துப் பார்த்தேன். பதிவு நீளமாகிவிட்டது. 'மேலும் படிக்க' என்று அமுக்க வேண்டியிருக்கும், பாதிப் பேர் அமுக்க மாட்டார்கள். அந்த வரியை எடுத்துவிட்டேன். "இன்று மழை இல்லை. கவலையில்லாமல் நெல்லைப் பரப்பலாம்." இப்போது படிக்க நன்றாக இருக்கிறது.

அவர் மஸ்கட்டிலிருந்து பேசினார். என்ன செய்கிறாய் என்றார். சும்மாதான் என்றேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

மாலை. மின்சாரம் இல்லை. நடந்தவற்றை வரிசையாக எழுத வேண்டும்.

காலை முதல் பேருந்தில் போனேன். ஜன்னலோர இருக்கை. காற்று வழக்கத்தைவிட மென்மையாக, ஈரமாக இருந்தது. கைப்பேசியை எடுத்துப் புதிய செயற்கைக்கோள் படத்தைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கை பைக்குள் போனது. வேலை முடியும்வரை தொடுவதில்லை என்பது ஒழுங்கு. எடுக்கவில்லை. பேருந்திலேயே மனதுக்குள் இன்றைய வட்டத்தைப் போட்டுவிட்டேன்.

தேர்வு நடந்தது. என் அறையில் இருபது பேர். பத்து மணி ஆனபோது பதிவு போயிருக்கும் என்று நினைத்தேன். பன்னிரண்டு மணிவாக்கில் அறைக்குள் வெளிச்சம் குறைந்தது. பியூனிடம் விளக்கைப் போடச் சொன்னேன். ஜன்னல் மேற்கே பார்த்தது. மேற்கே வானம் நீலம்தான்.

விடைத்தாள் கட்டி, கையெழுத்துப் போட்டு, கைப்பேசியை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கிழக்கே வானம் ஈயப் பாத்திரத்தின் அடிபோல் இருந்தது. படத்தைத் திறந்தேன். கடற்கரையை ஒட்டி வெள்ளையாக ஒரு பட்டை. மழை வர ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை.

பதிவை நாலாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். இந்த மாதத்தில் இதுதான் அதிகம். "கவலையில்லாமல் என்ற வார்த்தைக்காகவே பகிர்கிறேன் அண்ணா" என்று ஒருவர்.

முதலில் அதை அழித்தேன். அதுதான் தவறு. பிறகு, "கனமழை வருகிறது. உடனே நெல்லை மூடுங்கள்" என்று புதிதாகப் போட்டேன். பார்த்துக்கொண்டே நின்றேன். கமெண்ட்கள் வந்தன.

"காலைல போட்ட போஸ்ட் எங்க?"

"எவனோ ஹேக் பண்ணிட்டான். அண்ணன் போஸ்ட்ட அழிச்சிட்டு இத போட்டுருக்கான்."

"இடி மின்னல் காரன் வேலையா இருக்கும். நம்பாதீங்க மக்களே."

"ஒரிஜினல் என்கிட்ட இருக்கு" என்று ஒருவர் அழித்த பதிவின் படத்தையே கீழே ஒட்டினார். அதற்கு அறுநூறு விருப்பக்குறி. இன்னொருவர் குடை.

செழியன் தம்பியைக் கூப்பிட்டேன்.

"தம்பி, நெல்ல மூடுங்க. மழ வருது."

"எங்க அண்ணி, இங்க வெயிலு சுள்ளுனு அடிக்குது. பரப்பி விட்டுட்டு இப்பதான் சாப்புட ஒக்காந்தேன்."

"கிழக்க பாருங்க."

"பாத்தேன். அது சும்மா வேசம் காட்டும். வானிலை அண்ணன் காலையிலயே சொல்லிட்டாரு, கவலையில்லாமன்னு."

"இப்ப மாத்திப் போட்டுருக்காரு பாருங்க."

"அது ஃபேக்கு அண்ணி. பேஜ எவனோ புடிச்சிட்டான். நம்ம குரூப்புல அதான் ஓடிகிட்டு இருக்கு."

"யாரும் புடிக்கல. அந்த பேஜ் நான்தான் நடத்துறேன்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. வீட்டில் யாராவது தமாஷ் பண்ணினால் சிரிப்பாரே, அது.

"அண்ணி, பரிச்ச ஹால்ல வெயிலு ஜாஸ்தியா?"

"தம்பி, சத்தியமா நான்தான். ஆறு வருசமா நான்தான்."

"சரி, ஒங்க பேஜுதான? 'செழியன் ஒரு கழுதை'ன்னு ஒரு போஸ்ட் போடச் சொல்லுங்க பாப்போம். வந்தா நம்புறேன்."

போனைக் காதிலிருந்து எடுத்தேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தேன். "செழியன் ஒரு கழுதை. தார்ப்பாயைப் போடுங்கள்." அறுபதாயிரம் பேருக்கு அனுப்பினேன். மறுபடி காதில் வைத்தேன். அந்தப் பக்கம் டீக்கடை சத்தம். யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

"ஐயய்யோ" என்றார் செழியன்.

அவ்வளவுதான். போன் அணைக்கப்படவில்லை. சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓடுகிறார் என்று தெரிந்தது. "ஏய் மூடுங்கடா! மூடுங்கடா! எங்க அண்ணிடா அது!" என்ற குரல் துணிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

பேருந்து பாதி வழி வந்தபோது மழை பிடித்தது. முன்கண்ணாடி தெரியாத அளவுக்கு. ஓட்டுநர் நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டினார். இறங்கிக் களத்துக்கு நடந்தேன்.

எங்கள் குவியல் மூடியிருந்தது. சுற்றி ஏழெட்டுக் குவியல்களையும் மூடிவிட்டார்கள். தட்சிணாமூர்த்தி ஐயாவின் நெல் அவர் இடம் முழுக்க மெல்லிசாகப் பரப்பிக் கிடந்தது. அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். செழியனும் சுகந்தியும் இன்னும் இரண்டு பேரும் பலகையால் தள்ளித் தள்ளிக் குவித்திருக்கிறார்கள். பாதிதான் முடிந்தது. மீதியின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது. நெல்லுக்கு நடுவே தண்ணீர் வாய்க்கால்போல் ஓடியது.

ஐயா குடை இல்லாமல் வந்தார். பார்த்தார். குனிந்து இரண்டு கையாலும் அள்ள ஆரம்பித்தார்.

பிப்ரவரி 2, திங்கள்

"கழுதை" பதிவு தமிழ்நாடு முழுக்கப் போய்விட்டது. யார் அந்தச் செழியன் என்று கேட்டு ஆயிரக்கணக்கில் கமெண்ட். கனமழை என்று நான் போட்ட பதிவை முந்நூறு பேர்தான் பகிர்ந்தார்கள். கழுதையைப் பகிர்ந்தவர்கள் பதினோராயிரம். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார்: "சிரிக்கத்தான் தொறந்தோம் அக்கா. ரெண்டாவது வரில தார்ப்பாய்னு இருந்துச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு ஓடுனோம்." அக்கா என்று எப்படித் தெரிந்தது? செழியன் நேற்றே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

அவர் காலையில் டீக்கடைக்குப் போய் உடனே திரும்பிவிட்டார்.

"என்ன தம்பி, டீ குடிக்கலயா?"

"மாஸ்டரு, 'கழுதைக்கு ஒரு டீ'ன்னு சத்தம் போடுறாரு அண்ணி. நீங்க வேற எதாவது பேரு போட்டுருக்கக் கூடாதா?"

"நீங்க சொன்னதத்தான போட்டேன்."

"சொன்னேன். அதுக்காக?" என்றார். பிறகு, "ஆறு வருசமா ஒரே வீட்ல இருந்துகிட்டு... எத்தன தடவ ஒங்ககிட்டயே ஒங்களப் பத்திப் பெருமையா சொல்லிருக்கேன். கேட்டுகிட்டு அப்பளம் வைக்கிறீங்க!" என்றார். கோபமா, சந்தோஷமா என்று தெரியவில்லை.

சுகந்தி பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள். "ஏன்க்கா, இவ்வளவு படம்லாம் பாக்குறீங்களே. சனிக்கிழமையே தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

நான் போய்க் கொடியில் கிடந்த துணியை எடுத்தேன். அது ஏற்கெனவே நனைந்திருந்தது.

அவர் மஸ்கட்டிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார். பெயர் ஏன் வெளியே போயிற்று என்று கேட்டார். நெல் என்ன ஆயிற்று என்று இரண்டாவது முறைதான் கேட்டார்.

நாளைக்கான பதிவை எழுதி வைக்க உட்கார்ந்தேன். எழுதவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றைய பதிவு இல்லாமலே விடிந்தது. பள்ளிக்கு விடுப்பு சொன்னேன். களத்துக்குப் போனேன்.

வெயில் வந்திருந்தது. களத்துக்குள் நுழையும்போதே புளித்த வாடை. தட்சிணாமூர்த்தி ஐயா நனைந்த நெல்லைத் தனியாகப் பிரித்துவைத்திருந்தார். ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தேன். சில மணிகளின் நுனியில் வெள்ளையாக முளை கண்ணைத் திறந்திருந்தது.

"வாங்க டீச்சரம்மா. நீங்கதானாமே அது" என்றார்.

"ஆமாங்கய்யா."

"நான் ஆம்பளன்னு நெனச்சேன். மீசையெல்லாம் வச்சுப் பாத்திருக்கேன் மனசுல."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பலகையால் நெல்லை இழுத்துக்கொண்டே கேட்டார். "மொத நாளே தெரியாதுங்களா?"

நேற்றுச் சொன்ன பதில் வாய்வரை வந்தது.

"சந்தேகம் இருந்துச்சுங்கய்யா. மத்தியானத்துக்கு மேல கறுத்தா மூடிருங்கன்னு ஒரு வரி எழுதுனேன். அப்பறம் எடுத்துட்டேன்."

பலகை நின்றது. "எதுக்கு எடுத்தீங்க?"

பதிவு நீளமாகிவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "டிசம்பர்ல வரும்னு சொல்லி வரல. எல்லாரும் சிரிச்சாங்க" என்றேன்.

"சிரிச்சா என்னம்மா? சிரிச்சா நெல்லு நனையுமா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் கிடந்த இன்னொரு பலகையை எடுத்தேன். "வேணாம், ஒங்களுக்குக் கை பொத்துப்போவும்" என்றார். நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் இழுத்தோம். நான் இழுத்த இடத்தில் நெல் திட்டுத்திட்டாக நின்றது. அவர் பின்னாலேயே வந்து சரிசெய்தார்.

டீக்கடையிலிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார். "மணி பத்து ஆவுது, இன்னும் போஸ்ட்ட காணும்!" யாரோ அவரிடம், "அந்தா களத்துல நிக்கிதுய்யா போஸ்ட்டு" என்றார்கள். களத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். தார்ப்பாயின் முனையைப் பிடித்தபடி நின்றார்கள். பிரிக்கவில்லை.

"இன்னிக்கு எப்படிம்மா?" என்றார் ஐயா.

காலையில் வீட்டில் மூன்று வரைபடத்தையும் பார்த்திருந்தேன். இங்கே நின்றுகொண்டு புதிய செயற்கைக்கோள் படத்தையும் பார்த்தேன். காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று முகத்தில் வாங்கிப் பார்த்தேன்.

"மூணு மணி வரைக்கும் வெயில் இருக்கும்ங்கய்யா. அதுக்கு மேல எனக்குத் தெரியல."

தெரியல என்ற சொல் களத்தில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயா பலகையைத் தூக்கிக் காட்டிக் கத்தினார். "மூணு மணி வரைக்கும்தானாம்! பாதிக் குவியல மட்டும் பிரிங்க. ரெண்டரைக்கெல்லாம் அள்ளி மூடிப்புடணும். எவனும் சோத்துக்கு வீட்டுக்குப் போவாதீங்க, இங்கயே வரச் சொல்லுங்க!"

தார்ப்பாய்கள் பாதி பாதியாக மடிந்தன. செழியன் தம்பி ஆட்களைப் பிரித்து நிறுத்தினார். நான் சொன்னதையே அப்படியே பக்கத்தில் போட்டேன், தெரியவில்லை என்பதையும் சேர்த்து. முதல் கமெண்ட், "தெரியாதுன்னா எதுக்கு பேஜு?" என்று வந்தது. பதில் எழுதாமல் கைப்பேசியை உள்ளே வைத்தேன். அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் படத்தை மட்டும் பார்த்தேன். பச்சை வட்டத்துக்கு அது ஆகாது.

இரண்டரைக்கு அள்ளினோம். ஐயா தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார், மறுமுனையை நான். ஓரங்களில் கல் வைத்தோம். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். மூன்று மணி ஆனது, நாலு மணி ஆனது. மழை வரவில்லை. ஒன்றரை மணி நேர வெயிலை வீணாக்கிவிட்டேன் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

ஐயா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிழக்கே பார்த்தார்.

"நாளைக்கு எத்தன மணி வரைக்கும்மா?" என்றார்.